ஃபிலிம் டப்பாவுக்குள் ஓரியூர்

மூடியைத் திறந்ததும் முதலில் வருவது மெழுகுவர்த்தி வாசனை; மூக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனால் முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை. போட்டோ ஸ்டுடியோவில் தூக்கிப்போடும் கறுப்பு ஃபிலிம் டப்பா ஒன்றில், ஓரியூரிலிருந்து அள்ளிவந்த சிவப்பு மணலை அம்மா அடைத்து வைத்திருந்தாள். சாயத்தண்ணியும் மெஷின் எண்ணெயும் நாறிக்கொண்டிருந்த எங்கள் திருப்பூர் முதலிபாளையத்து லைன் வீட்டில் சொந்த ஊர் என்று சொல்ல அந்த டப்பா ஒன்றுதான் இருந்தது.

போர்ச்சுகல் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை ஒருவர், காவி கட்டி, கறி மீனை விட்டு, அருளானந்தர் என்று பெயரையும் மாற்றிக்கொண்டு எங்கள் ராமநாதபுரத்துப் பக்கம் வந்து, ஓரியூரில் தலை வெட்டப்பட்டுச் செத்தார் என்பதும், அந்த ரத்தம் விழுந்துதான் அங்கே மணல் சிவந்தது என்பதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர்கள் மட்டுமல்ல, கருப்பசாமிக்குக் கிடா வெட்டுகிறவர்களும் அந்த மண்ணை எடுத்துப்போவார்கள். காய்ச்சலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார்கள். விதைக்கிற வயலில் தூவுவார்கள். புதிதாக ஓரிடத்தில் கால் வைத்தால் வாசலில் ஒரு சிட்டிகை போடுவார்கள். "சாமி ரத்தம் விழுந்த மண்ணு, அங்கன செய்வினை அண்டாது" என்பது பெரியவர்கள் சொல்.

எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்புப் படியேறிய முதல் ஆள் நான். இன்றைக்கும் அதைக் கொஞ்சம் நிமிர்ந்துதான் சொல்வேன். படிப்பு எனக்கு முதலில் கொடுத்தது சந்தேகத்தை. அறிவியல் வகுப்பிலிருந்து வந்த ஒரு சாயங்காலம், "அது ரத்தமில்லம்மா, மண்ணுல இரும்பு இருக்கு, அது துருப்பிடிச்ச செவப்பு" என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே, "இரும்பு இருந்தா நல்லதுதானத்தா. ஒனக்கு ரத்தம் கம்மின்னு டாக்டரு சொன்னாருல்ல, ரெண்டு சிட்டிகையாக் குடி" என்றாள். அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார்.

நாங்கள் குடியிருந்த காம்பவுண்டு ஒரு கவுண்டருடையது. முன்னால் அவர் வீடு, பக்கத்தில் வரிசையாக லைன் வீடுகள், பின்னால் பனியன் தைக்கிற செட். அப்பா அந்த செட்டில் கரண்டில் ஓடுகிற "பவர் டேபிள்" மெஷினில் டெய்லர். தைத்த பனியனில் குறை பார்க்கிற "செக்கிங்" வேலைக்கு அம்மா சேர்ந்த அன்று, செட்டு வாசலில் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை தூவி, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கவுண்டரின் மனைவி சரஸ்வதியம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே அதைப் பார்த்தார்.

அந்த வருடம் மழைக்காலத்தில் கவுண்டர் வீட்டாருக்கு எல்லாம் தலைகீழாகப் போனது. தைத்து அனுப்பிய சரக்கு "ரிஜெக்ட்" என்று திரும்பி வந்தது, மோட்டார் எரிந்தது, அவர்கள் சின்ன மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. புதுக் கேபிள் போட செட்டு வாசல் மூலையில் தோண்டியபோது, கடப்பாரை முனையில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று மாட்டிக்கொண்டு வந்தது. பிரித்தால் உள்ளே சிவப்பு மண்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் பள்ளிக்கூடப் பையோடு அப்போதுதான் காம்பவுண்டுக்குள் நுழைந்தேன். எல்லோரும் செட்டு வாசலில் கூடியிருந்தார்கள்.

"ஏம்புள்ளே மேரி, இது என்னன்னு சொல்லு" என்றார் சரஸ்வதியம்மா, அம்மாவைப் பார்த்து.

"மண்ணுங்க."

"மண்ணுன்னு எனக்குத் தெரியாதா? ஆரு வெச்ச மண்ணு?"

அம்மா திருப்பூருக்கு வந்த முதல் மாதத்திலேயே "ங்க" போட்டுப் பேசப் பழகியிருந்தாள். பயம் வந்தால் மட்டும் அது உதிர்ந்துவிடும். "நான் முடிச்செல்லாம் போடலக்கா. வாசல்ல தூவுனேன், அம்புட்டுத்தான். அது எங்க சாமி மண்ணு."

எதிர்வீட்டுச் செல்லக்கனி தூத்துக்குடிக்காரி. வாய் சும்மா இருக்காது. "எங்கூர்லயுந்தான் சாமி இருக்கு. அது மஞ்சத்துணியச் சுத்திக்கிட்டு மண்ணுக்குள்ள ஒளிஞ்சி கெடக்காது, பாத்துக்கிடுங்க" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் எங்களைவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

சரஸ்வதியம்மா சத்தமே போடவில்லை. "கோவிச்சுக்காத கண்ணு. ஊட்டைக் காலி பண்ணிக்குங்க" என்றார். அந்த மரியாதையிலேயே முடிவாகிவிட்டது என்று தெரிந்தது. வீடு போனால் அப்பா அம்மா இருவருக்கும் வேலையும் போகும். "மண்ணு வெச்சவ" என்ற பெயர் நாங்கள் போவதற்கு முன்பே அடுத்த லைன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வேலையில்லாமல் போனால் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, ஏதாவது கம்பெனியில் பனியன் நூல் பிசிறு வெட்ட உட்காரவைப்பார்கள். காம்பவுண்டில் என் வயதுப் பெண்கள் பலரும் ஏற்கெனவே அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏத்தா, செம்புல தண்ணி கொண்டா."

கொண்டுவந்தேன். முடிச்சிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளிச் செம்பில் போட்டு விரலால் கலக்கினாள். "செய்வினை வச்சவ அதையே எடுத்துக் குடிப்பாளா? எல்லாரும் பாத்துக்கங்க" என்று பாதியைக் குடித்தாள். குடித்துவிட்டுச் செம்பை என்னிடம் நீட்டினாள். "குடி ஆத்தா."

செம்புக்குள் பார்த்தேன். ஓரியூர் மணலைத் தண்ணீரில் போட்டால் அடியில் படிந்துவிடும், மேலே தண்ணீர் தெளிவாக நிற்கும். இது டீ மாதிரிக் கலங்கியிருந்தது. வாயில் வைத்தபோது நறநறக்கவில்லை, பசை போல அண்ணத்தில் ஒட்டியது. இது எங்கள் மண் இல்லை. அப்படியானால் யாருடையது? உண்மையாகவே யாரோ வைத்ததுதானா? "செய்வினை என்று ஒன்று கிடையாது" என்று பள்ளிக்கூடத்தில் சொன்ன டீச்சர் அந்த நேரத்தில் வெகுதூரத்தில் இருந்தார். எங்கள் மண் இல்லை என்று வாய் திறந்தால் அம்மா குடித்தது வீணாகும். விழுங்கினேன்.

கவுண்டர் அதுவரை தூணோரம் நின்றிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்க்கிற நாள் அல்ல அது. "போதும் உடு சரசு. பச்சப் புள்ளையே குடிச்சுப்போட்டுது. போய் வேலையப் பாருங்க" என்றவர், அந்த முடிச்சை யாரையும் தொடவிடாமல் தானே எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு ஏதோ தெரியும் என்று அந்தத் துண்டைப் பார்த்து எனக்கு அன்றைக்கு வந்த சந்தேகம் பிறகு போகவே இல்லை.

வீடு தங்கியது. சந்தேகம் மட்டும் வெகுநாள் காம்பவுண்டில் எங்களோடு வாடகையில்லாமல் குடியிருந்தது. எங்கள் வாசலைத் தாண்டும்போது செல்லக்கனி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவாள். நான் கண்ணாடியில் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தேன். அம்மா போகும்போதும் வரும்போதும், "வயிறு வலிக்குதாத்தா?" என்று கேட்டாள். சாமி மண்ணைக் குடித்த பிள்ளையிடம் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

நான் அங்கிருந்தே பள்ளிப் படிப்பை முடித்தேன், கல்லூரிக்கும் போனேன். இப்போது ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கைச் சந்தேகப்படுவதற்கே எனக்குச் சம்பளம். அந்த செட் இன்று இல்லை. வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு விடுதி கட்ட இடித்துவிட்டார்கள். கவுண்டர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் சரஸ்வதியம்மா எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையில் சிவப்பு மணல். வேன் பிடித்து ஓரியூருக்கே போய்வந்திருக்கிறார்.

"செட்டை இடிச்சப்ப மிச்சம் மூணு மூலையிலயும் அதே மஞ்சத்துணி முடிச்சு இருந்துச்சுங்க மேரி. எங்க குலசாமி கோயல் புத்துமண்ணுங்க. செட்டுக்குக் கடக்கால் போடறப்ப மாமனாரு வெச்சுருக்காரு. எனக்கு ஆரும் சொல்லலைங்க." அம்மாவிடம் அவர் "ங்க" போட்டு நான் கேட்டதில்லை. கவுண்டருக்குத் தெரியுமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும், "அன்னைக்கே நாக்குல வச்சதும் தெரிஞ்சுபோச்சு, நம்ம மண்ணு இல்லன்னு" என்றாள் அம்மா.

"தெரிஞ்சுமா எனக்குக் குடுத்த?"

"நான் மட்டும் குடிச்சா நம்பியிருப்பாளா? பெத்தவ வெசத்தையும் குடிப்பா, பிள்ளைக்குக் குடுக்கமாட்டா. அது அவளுக்குந் தெரியும்."

"வெசமா இருந்திருந்தா?"

அம்மா அந்த மணல் பையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வைப்பதற்கு அந்தப் பழைய ஃபிலிம் டப்பா இல்லை. வீடு மாறியதில் எங்கேயோ தொலைந்தது. அப்படி ஒரு டப்பாவை இன்று எந்த ஸ்டுடியோவில் கேட்டாலும் சிரிப்பார்கள். நான் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, சிட்டிகை மணலைப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடிக்கவா, சோதிக்கவா?" என்றாள் அம்மா.

"சோதிக்கத்தான்."

மணல் அடியில் படிந்தது, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அம்மா டம்ளரை என் கையிலிருந்து வாங்கி முழுவதையும் அவளே குடித்தாள். எனக்கு நீட்டவில்லை.