சாம்பலில் விழுந்த தடம்

பெரியகுளத்தில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு இன்று அப்பா வந்தார். அவர் துண்டில் ஏலக்காய் மணம்.

என் சிறுவயதில், மேகமலை ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போன அவர் காய்ச்சலில் இறந்துவிட்டதாகவும், அங்கேயே புதைத்துவிட்டதாகவும் சேதி வந்தது. இறந்தது அதே பெயருள்ள வேறொருவர். அது தெரியாமல் அம்மாவின் தாலியை அறுத்துவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்தபின், இதே மணத்தோடு அப்பா வாசலில் நின்றார்.

பேய்க்குக் கால்தடம் விழாது என்பார்கள். அம்மா வாசலில் அடுப்புச் சாம்பலைப் பரப்பினாள்.

"மிதிச்சு வாங்க."

"பசிக்குது புள்ள. செத்தவனுக்குப் பசிக்குமா?"

"செத்தவுகளுக்குத்தான் நேத்து சோறு படைச்சேன். மிதிங்க."

தடம் விழுந்தது. ஆனாலும் அவர் வெளியே போய்வரும்போதெல்லாம் அம்மா தரையைப் பார்ப்பாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பேய் கிடையாதென்று பிள்ளைகளுக்குச் சொல்பவள். இன்று அப்பா போனதும் பள்ளி வாசல் மணலில் அவர் தடத்தைத் தேடினேன். பிள்ளைகளின் தடங்களே தெரிந்தன.