பெரியவரைத் தூக்கச் சொன்னவர்

“ஏகாம்பரம் அண்ணன் போயிட்டாருப்பா” என்று போனில் தகவல் வந்தபோது, “எங்கே?” என்றுதான் கேட்டேன். எதையும் உடனே நம்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. போன வாரம்கூடத் தேரடித் தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்த மனிதர், எண்பதுகூட ஆகவில்லை. சொன்னவனோ நம் டீமின் பழைய விக்கெட் கீப்பர். அவன் கத்திக் கேட்ட அவுட்டில் பாதி அவுட்டே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். இந்த முறை அவன் சொன்னது உண்மையாகிவிட்டது.

அவரோடு ஆடியவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் மேனேஜராக இருந்தார். நம் ஊர் கிரிக்கெட் டீமை ஆரம்பித்தவரும் அவரே, அதன் முதல் வேகப்பந்து வீச்சாளரும் அவரே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கேப்டனானபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது.

அப்போது இந்திய அணியிலும் வயதான ஒரு பந்துவீச்சாளர் இருந்தார். வேகம் போன பிறகும் அவருக்கு இடம் எதற்கு என்று டீக்கடையில் ஒரு கட்சி, அனுபவம் வேண்டாமா என்று இன்னொரு கட்சி. பெயரைச் சொல்லாமல் அவரைப் ‘பெரியவர்’ என்போம். நாளடைவில் டீம் பையன்கள் ஏகாம்பரம் அண்ணனையும் முதுகுக்குப் பின்னால் பெரியவர் என்றே அழைத்தார்கள். அது அவர் காதுக்குப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வேடிக்கை என்னவென்றால், பெரியவரை எடுத்துவிட வேண்டும் என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் அண்ணன்தான். பேப்பரை மடித்து என் முன்னால் போடுவார். “வேகம் கம்மியாயிடுச்சு. வலி ஜாஸ்தியாயிடுச்சு. பெரியவரைத் தூக்கிடணும்பா. கேப்டனுக்குத் தைரியம் வேணும்” என்பார்.

எனக்கு அப்போதே பொறி தட்டியது. நாற்பதைத் தாண்டியும் புதுப்பந்தை விடாத மனிதர் இன்னொரு வயதானவரைத் தூக்கச் சொல்கிறார் என்றால் சும்மா சொல்வாரா? என் வாயால் “அனுபவம் முக்கியம்ணே, ஆடட்டும்” என்று சொல்ல வைத்து, அதையே பிடித்துக்கொண்டு தன் இடத்தைப் பத்திரப்படுத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னேன். டீமை ஆரம்பித்தவர் முகத்துக்கு நேரே வேறு என்ன சொல்வது?

ஒரு வருஷம் கார்த்திகை தீபத்துக்கு என் மாமனார் வீட்டார் திடீரென்று வந்து நின்றார்கள். அந்த நாளில் ஊரில் ரூம் கிடைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். கேட்ட மாத்திரத்தில் அண்ணன் சாவியை எடுத்து நீட்டினார். சாவியை வாங்கும்போதே இதற்கு என்ன கேட்கப் போகிறாரோ என்று எனக்கு உறுத்தியது. கேட்கவும் செய்தார். “ஒரே ஒரு தடவை உன் வாயால சொல்லு. பெரியவர் போதும்னு சொல்லு” என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப்பந்தை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் முகம் தொங்கிப்போனது. அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்படியே நான்கு வருஷம் ஓடியது. கடைசியில் கீழ்பென்னாத்தூர் டீமோடு ஆடும்போது, மூன்றாவது ஓவரில் ஓடி வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். தோள் இறங்கிவிட்டது. இடது கையால் பந்தை என்னிடம் கொடுத்து, “இனிமே நீ சொல்ல வேணாம்பா” என்றார். பழி போடுகிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்குப் பிறகு அவர் பந்து வீசவில்லை. அவரால் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கவும் முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணியைப் பார்க்கப் போனேன். “அவரைப் பெரியவர்னு கூப்பிட்டீங்களே, அது அவருக்குத் தெரியும்பா” என்றார். “‘நானா விலகினா வலிக்குப் பயந்து ஓடிட்டான்னு சொல்லுவாங்க, கேப்டன் எடுத்தா மரியாதையா வந்துடுவேன், அவன்தான் எடுக்க மாட்டேங்கிறான்’னு சொல்லிட்டே இருப்பாரு. அப்பவே தோள் வலி, ஞாயித்துக்கிழமை வந்தா சட்டை நான்தான் மாட்டிவிடணும்” என்றார்.

“என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே அண்ணி?”

“நாலு வருஷமா சொன்னாரே, பெரியவரைத் தூக்குன்னு. அவரு மேல உனக்கு என்னப்பா அவ்வளோ சந்தேகம்?”

அண்ணன் அன்று கொடுத்துவிட்டுப் போன பந்து எங்கே என்றுகூட எனக்கு நினைவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அண்ணி கேட்ட இந்தக் கேள்வி ஒன்றுதான்.