தலை சிறுத்த ஓணான்

காய்ந்த செம்மண்ணில் தண்ணீர் விழும் வாசனை. எதிர்வீட்டில் செடிக்குக் குழாய் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கோ காரைக்குடியில் விலங்கியல் படித்த நாட்கள் மூக்கு வழியே ஏறிவிட்டன. இந்த வாசனைக்கு மற்றவர்கள் காதலை நினைப்பார்கள். நான் ஓணானை நினைக்கிறேன். பிறவி அப்படி.

மதில்மேல் இப்போதும் ஒன்று இருக்கிறது. ஆண். கழுத்துச் சிவந்து, கன்னம் இரண்டும் வெற்றிலை அடக்கியதுபோல் புடைத்து, கல்யாணப் பந்தல் வாசலில் முறைத்துக்கொண்டு நிற்கும் தாய்மாமனைப் போலத் தண்டால் எடுக்கிறது. ஆணுக்குத் தலை பெரிது. சண்டைக்கும் சவடாலுக்கும் வேண்டியிருக்கிறது. பெண்ணுக்குத் தலை சிறுத்து, முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே உடம்பு நீண்டிருக்கும். முட்டைக்கு இடம் வேண்டாமா? (இந்த வயதில் என்னை அளந்தாலும் அப்படித்தான் வரும். முட்டைதான் இல்லை.)

அளந்து பார்க்கும் பைத்தியம் என் வகுப்புத்தோழி ஜமீலாவுடையது. சாக்கோட்டைப் பக்கத்துப் பொட்டலில் ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பாள். நூலால் தலையை அளப்பாள், விலாவை அளப்பாள், பிடித்த வேலியிலேயே திரும்ப விடுவாள். நிறத்தை நம்பமாட்டாள், கையில் அகப்பட்டதும் கழுத்துச் சிவப்பு வடிந்துவிடும். ஆணா பெண்ணா என்று சந்தேகம் வந்தால் அறுத்துப் பார்ப்பதே அன்று எங்கள் வழக்கம். அறுக்காமல் உருவத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்பது அவளுடைய கடைசி வருட ஆய்வு.

ஒருநாள் சுருக்கில் விழுந்தது பெரிய ஓணான். அவள் பார்த்த மாத்திரத்தில் "பொண்ணு" என்றாள்.

கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தோம். எங்கள் விலங்கியல் சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இம்புட்டுப் பெருசு பொண்ணாம்மா? தின்னு கொழுத்த ஆம்பளை. வேலியில போற ஓணானத் தூக்கி மடியில விட்டுக்கிட்டியே."

நானும் சார் கட்சி. மஞ்சுவிரட்டுக் காளையையும் கிடாயையும் சேவலையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பெரிதெல்லாம் ஆண்தான்.

"ஒடம்பப் பாக்காத புள்ள, தலையப் பாரு" என்றாள் ஜமீலா.

"சாப்பிட்டு வந்து அறுத்துருவோம். சந்தேகம் தீந்துரும்." சார் கத்தியைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

ஜமீலா சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பின்வராந்தாவில் மண் நிரப்பிய சிமெண்டுத் தொட்டிக்குள், கம்பி வலைக்குக் கீழே அந்த ஓணான். ஒரு மூலையைப் பிறாண்டும், நிறுத்தும், மறுபடி பிறாண்டும். பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று குழாயடிக்கு ஓடி, டப்பாவில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டி மண்ணில் ஊற்றினாள்.

"என்னடி, குளிப்பாட்டுறியா?"

"காஞ்ச மண்ணு சரியுது, எப்படித் தோண்டும்? இங்குட்டு வந்து வாய மூடிக்கிட்டு நில்லு."

வாசனை எழுந்தது. இதே வாசனை. ஓணான் முன்கால்களால் தோண்டத் தொடங்கியது. பாதி உடம்பு குழிக்குள் போனது, பின்பு திரும்பி உட்கார்ந்தது. சார் ஏப்பத்தோடு வந்தபோது ஈரமண்ணில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள்.

"சார், அறுக்காதீக" என்றாள், கிட்டத்தட்ட அழுகையில்.

"சத்தம் போடாதம்மா. பயந்துரப்போகுது." அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். கத்தி இழுப்பறைக்குள் விழும் சத்தம் கேட்டது. இங்கே அது மண்ணைத் தள்ளி மூடி, அந்தச் சின்னத் தலையால் குத்திக் குத்தி இறுக்கிக்கொண்டிருந்தது.

பொட்டல் இன்று மனைகளாகிவிட்டது. கத்தியும் மெழுகுத் தட்டும் ஃபார்மலின் நெடியும்கூடப் போய்விட்டன. என் அக்கா மகள் தவளையைக் கணினித் திரையில் திறந்து திரையிலேயே மூடுகிறாள். போனதற்கெல்லாம் துக்கம் விசாரிக்க வேண்டியதில்லை.

முட்டை பொரிவதற்குள் ஜமீலா மேல்படிப்புக்குச் சென்னை கிளம்பிவிட்டாள். பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. "குஞ்சு வந்ததும் ஆணு எது, பொண்ணு எதுன்னு பாத்துச் சொல்லவா?" என்றேன்.

சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தாள்.

"பொறந்ததும் எல்லாம் ஒண்ணுபோலத்தான் புள்ள இருக்கும். மொதல்ல வளரட்டும்."