எறும்பு குடியிருந்த போட்

எங்கள் வீட்டு வோஷிங் மெஷின் பழுதாகும்வரை, கட்டாரில் இருக்கும் என் கணவர் என்னோடு நீளமாகக் கதைத்ததே கிடையாது. "சாப்பிட்டாச்சோ? பிள்ளை பள்ளிக்குப் போட்டாளோ? சரி, வைக்கிறன்." அவ்வளவுதான். அறையில் கூட இருக்கும் ஆட்களுக்கு முன்னால் மனுசியோடு கதைக்க அவருக்கு வெட்கமாம். எனக்கோ அந்தக் குரலைக் கொஞ்ச நேரம் காதுக்குள் வைத்திருக்க ஆசை. ஆசை என்ன ஆசை, ஏக்கம்தான்.

பிறகு மெஷின் நின்றது. பொத்தானை அமத்தினால் விளக்கெல்லாம் மினுங்கும், தண்ணீர் வராது. கிளிநொச்சியிலிருந்து வந்து பார்த்தவர், "உள்ளுக்கிருக்கிற சேர்க்கிட் போட் பழுதாப் போச்சு அக்கா, புதுசுதான் போடவேணும்" என்றுவிட்டுப் போனார். அதை என் கணவரிடம் சொன்னதுதான் தாமதம், வீடியோவில் வந்துவிட்டார். கட்டாரில் அவருக்கு ஏசி திருத்துகிற வேலை. போட் என்றால் விடமாட்டார்.

"பிளக்கைக் கழட்டினீரோ?"

"ஓம்."

"வடிவாப் பாத்தனீரோ?"

"ஐயோ, கழட்டியாச்சப்பா!"

அவர் வெளிநாடு போகும்போது விட்டுப்போன ஸ்குரூ ட்ரைவரால் போட் இருக்கிற மூடியைத் திறந்தேன். "கிட்டக் காட்டும். இன்னும் கிட்ட. அந்த மூலையை." வயர்கள் வந்து சேருகிற இடத்தில் கறுத்த எறும்புகள் முட்டையும் குட்டியுமாகக் குடியிருந்தன.

"அட கோதாரி! இதுதான் விசயம்" என்று சிரித்தார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! ஆனால் எனக்கு விசர்தான் வந்தது. எறும்பைப் பார்க்க ஃபோனுக்குள் முகத்தைப் புதைக்கிற மனுசன், என்னை ஒருக்காவது காட்டச் சொல்லவில்லையே. எறும்புக்கு இருக்கிற கொடுப்பினைகூட எனக்கில்லை.

பழைய பல் பிரஷால் எல்லாவற்றையும் தட்டித் துடைத்து, வயரைச் செருகி, பிளக்கைப் போட்டு, பொத்தானை அமத்தினேன். தண்ணீர் சோவென்று விழுந்தது. இனி ஃபோனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"இஞ்சேரும், கமராவை உம்மட பக்கம் திருப்பும்."

"தலையும் வாரி இழுக்கேல்லை, சும்மா இருங்கோ."

அவருக்குப் பின்னால் அறையில் யாரோ நக்கலாகச் சிரித்தது கேட்டது. அவர் சட்டை செய்யவில்லை. "பரவாயில்லை. திருப்பும்."

திருப்பினேன். எறும்பைப் பார்த்ததுபோலவே ஃபோனுக்குக் கிட்ட வந்து பார்த்தார்.

"என்னப்பா, என்னிலையும் பழுது பாக்கிறியளோ?"

"மெலிஞ்சு போனீர்" என்றார். அதற்குள் அவர்களை வேலைக்கு ஏற்றுகிற வான் ஹோர்ன் அடித்தது.

ஃபோன் இருண்ட பிறகுதான் கவனித்தேன். ஓர் உடுப்பும் போடாமலே மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிற்பாட்ட எனக்கு மனம் வரவில்லை.