காலி நாற்காலிகளுக்கு ஒரு கூட்டம்

கைகள் சிவந்துபோயிருந்தன. இருந்தும் தட்டிக்கொண்டே இருந்தன. உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டினால் அது தொப்பை வைத்த ஆள். நான்கு விரல்களை மட்டும் மறுகையில் தட்டினால் மடியில் பையை வைத்திருக்கும் பெண். கம்பளிக் கையுறை போட்டுத் தட்டினால் தூரத்து வரிசை. கூடத்து மூலையில் நின்று கொஞ்ச நேரம், நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம், படுக்கையறைக் கதவைப் பாதி சாத்தி அதன் பின்னாலிருந்து கொஞ்ச நேரம். மைக் ஒரே இடத்தில் நின்றது. கைகள்தான் வீடு முழுக்கச் சுற்றின.

எதிரே தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் ஒரு சர்க்கஸ் ஓடிக்கொண்டிருந்தது. மிருகங்கள் இல்லாத சர்க்கஸ். மனிதர்கள் ஊஞ்சலிலிருந்து ஊஞ்சலுக்குப் பறந்தார்கள். பலகையின் ஒரு முனையில் இருவர் குதிக்க, மறுமுனையில் நின்றவன் கூரை வரைக்கும் போய்க் கரணமடித்துத் திரும்பினான். கேமராக்கள் நாற்காலிகளுக்கு மேலே நகர இடம் வேண்டுமென்று அரங்கில் ஒரு ஆளைக்கூட உட்காரவிடாமல் படம் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு வித்தை முடிந்ததும் அந்தக் கலைஞர்கள் இருட்டைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். இருட்டில் யாருமில்லை. வீட்டிலிருந்து இதைப் பார்க்கப்போகிறவர்களுக்கு அங்கே மூவாயிரம் பேர் கூடியிருந்ததாகத் தோன்ற வேண்டும். அந்த மூவாயிரம் பேரையும் செய்து தருவது அவர் பொறுப்பு.

படங்களுக்குச் சத்தம் செய்வது அவர் தொழில். திரையில் கதாநாயகன் படியேறி ஓடினால், ஓடுவது இவருடைய கால். கதவு சாத்தப்படுவது, துணி கிழிவது, காதலி கோபத்தில் தட்டைக் கழுவுவது எல்லாம் இவர் கை. கேபிள் சுருட்டும் வேலைக்கு ஸ்டுடியோவுக்குப் போனவர், சத்தம் செய்கிற ஆள் வராத ஒரு நாளில் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு மேஜைமீது நடந்து காட்டினார். அன்றிலிருந்து அதுவே பிழைப்பாயிற்று. பிறகு வீட்டின் கூடத்தையே பதிவறையாக்கிக்கொண்டார். மாடியிலிருக்கும் அந்த வீட்டில் எந்நேரமும் கால் சத்தம் கேட்பதால் தெருப் பிள்ளைகளுக்கு அவர் டக்டக் மாமா.

அவர் வலது கையை உயர்த்தினால் பதிவு தொடங்குகிறது என்று பொருள். உடனே மனைவி மின்விசிறியை நிறுத்துவாள், குழாயை மூடுவாள், அடுப்பிலிருப்பதை இறக்கிவைப்பாள். மகன் சிறுவயதிலேயே சத்தமில்லாமல் தும்மக் கற்றுக்கொண்டான். விருந்தாளிகள் வரும்போது அவனைத் தும்மிக் காட்டச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு விருந்தாளிகள் வருவது குறைந்தது. மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனான். அவனுக்குக் குழந்தை பிறந்தபோது உதவிக்குப் போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. குழந்தை நடக்கட்டும், வருகிறேன் என்றாள். அது நடந்தது. பேசட்டும் என்றாள். இப்போது அது பேசவும் பேசுகிறது.

கைதட்டல் எத்தனை வேண்டுமானாலும் செய்துவிடலாம். மாட்டிக்கொண்டது வேறோர் இடம். இரண்டாம் பாதியில் ஒரு பெண் வலையில்லாமல் உச்சியில் தொங்குவாள். ஊஞ்சலின் கயிற்றில் ஒரு காலைச் சுற்றிக்கொண்டு தலைகீழாக வீசி ஆடுகிறவள், திடீரென்று அந்தக் கால் நழுவிக் கீழே விழுவாள். விழுந்த வேகத்தில் மறுகாலின் குதிகால் கயிற்றை வளைத்துப் பிடிக்கும். வேண்டுமென்றே செய்கிற நழுவல்தான். அந்த இடத்தில் மூவாயிரம் பேருக்கும் மூச்சு நிற்க வேண்டும். அவர் அதைப் பதறல் என்பார்.

ஸ்டுடியோவில் ஒலி சேர்க்கிற தம்பி தொலைபேசியில் பிரியமாகத்தான் சொன்னான். "நிஜ ஜனம் பதறின மாதிரி வேணும்னு கேக்கறாங்க அண்ணே. முடியலன்னா விடுங்க, லைப்ரரில இருக்கற கூட்டத்தையே முழுசா போட்டுக்கறேன். நீங்க சிரமப்படாதீங்க."

சிரமப்படாதீங்க என்ற சொல்லை அவர் கொஞ்ச காலமாகவே கேட்டுவருகிறார். மழைச் சத்தத்துக்கு முதலில் அப்படிச் சொன்னார்கள், இப்போது மழை ஏற்கெனவே பதிந்துவைத்த ஒலிச் சேமிப்பிலிருந்து வருகிறது. பிறகு கதவுகள் போயின, அப்புறம் குதிரைகள். இந்தக் கூட்டமும் போய்விட்டால் அந்தத் தொலைபேசி எதற்காக ஒலிக்கும்? சேமிப்பில் இருக்கிற பதறல்களையெல்லாம் அவர் கேட்டிருக்கிறார். சைகை கொடுத்த பிறகு பதறியவர்களின் பதறல் அது. எல்லாம் அரை நொடி தாமதம்.

தானே பதறிப் பார்த்தார். படத்தை மனப்பாடமாக அறிந்தவர் எப்படிப் பதறுவது? திரும்பக் கேட்டபோது மாத்திரை விழுங்குகிற ஆள் போலிருந்தது. முதல் தடவை பார்க்கிற மனிதர்கள் வேண்டும். கைப்பேசியை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஸ்டுடியோ, இன்னொரு ஸ்டுடியோ, குழாய் பழுது பார்ப்பவர், பல் மருத்துவர், இறந்துபோன ஒரு எடிட்டர், மறுபடியும் ஸ்டுடியோ. பட்டியல் தீர்ந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழ் வீட்டுக்குப் போனார்.

கீழே ஒரு பேருந்து ஓட்டுநர் குடும்பம். கதவைத் திறந்த ஓட்டுநரின் மனைவி இவரைப் பார்த்ததும் தலையைத் திருப்பி, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கும்படி மகள்களிடம் சொன்னாள். இவர் இன்னும் வாயே திறக்கவில்லை. இந்தக் கதவை அவர் இதற்கு முன் தட்டியதெல்லாம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான். இன்று சர்க்கஸ் பார்க்கக் கூப்பிடுகிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் மாலை ஐந்து பேர் மாடியேறி வந்தார்கள். ஓட்டுநர், மனைவி, இரண்டு மகள்கள், கொஞ்ச நாள் தங்கிப்போக வந்திருந்த ஓட்டுநரின் அக்கா. தலைவாரி, நல்ல உடை உடுத்தி, ஒரு திருமண வீட்டுக்கு வருவதுபோல் வந்தார்கள். அவர் திரைச்சீலைக்குப் பின்னால் மைக்குகளை வைத்திருந்தார். எல்லோரையும் உட்காரவைத்தார், கைப்பேசிகளை அணைக்கச் சொன்னார். பிறகு, இத்தனை வருடப் பழக்கத்தில், தன்னையறியாமல் வலது கையை உயர்த்திவிட்டு விளக்கை அணைத்தார்.

பலகையிலிருந்து ஒருவன் கூரைக்குப் பறந்தான். ஐந்து வாய்களும் திறந்தன. ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை. சின்னவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் நாற்காலியின் கையை நெரித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு இருமல் வர, முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்தி, கண்ணில் நீர் முட்ட அதை அடக்கினாள். அவர் ஹெட்போனில் கேட்டது துணி உரசுகிற சத்தமும் யாரோ எச்சில் விழுங்குவதும்தான். இப்படியே விட்டால் இரண்டாம் பாதியும் வீணாகிவிடும். ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு அவர்களும் இவரைப் போலத்தான். கருவி சூடாகிவிட்டது, மிச்சத்தை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிப் பாதியில் நிறுத்தினார்.

அக்கா வாசலில் நின்று பெருமையோடு கேட்டாள். "ஒரு தும்மல்கூட விடல பாத்தீங்களா தம்பி? பிள்ளைங்கள மிரட்டித்தான் கூட்டிட்டு வந்தேன்."

அவர் நன்றி சொன்னார்.

அவர்கள் இறங்கிப்போன பிறகு மனைவிக்குத் தொலைபேசினார். அந்த வீட்டில் எதையோ தட்டுகிற சத்தம், குழந்தை கத்துகிற சத்தம், மகன் உரக்கச் சிரிக்கிற சத்தம். அவன் சிரிப்பு இவ்வளவு பெரியது என்பதே அவருக்குப் புதிது. நடந்ததைச் சொன்னார். அவள் சிரித்தாள்.

"நம்ம வீட்டுக்குள்ள வந்தா யாருக்குங்க வாய் வரும்? மைக்கைக் கொண்டுபோய் அவங்க வீட்டுல வைங்க."

"அதுவும் சரிதான்."

"நீங்க உள்ள உக்காராதீங்க. வெளிய இருங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. வெந்நீர் குடிங்க, சரியாப் போயிடும் என்று சொல்கிற அதே குரல்தான். எப்போது வருகிறாய் என்று கேட்க நினைத்தார். அதற்குள் குழந்தை தொலைபேசியைப் பிடுங்கி, எதையோ சொல்லித் துண்டித்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை கீழ் வீட்டில் அலமாரிமேல் ஒரு மைக்கும் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு மைக்கும் வைத்தார். உங்கள் வீட்டில் எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள், எதை வேண்டுமானாலும் பேசுங்கள் என்று ஓட்டுநரிடம் இரண்டு தடவை சொன்னார். மிச்சப் படத்தை ஓடவிட்டு, கேபிளுக்காகக் கதவை ஒரு விரல் அகலம் திறந்துவைத்து, வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முதலில் கொஞ்ச நேரம் தயக்கம். பிறகு அந்த வீடு தன் வழக்கத்துக்கு வந்தது. பாத்திரம் ஒன்று உருண்டது. எதையோ கொறித்தார்கள். திரையில் ஒருவன் உடலோடு ஒட்டிய உடையில் கம்பத்தில் ஏறியபோது அக்காவின் குரல் தெளிவாக விழுந்தது.

"இவன் ஏறறான் சரி. என் தம்பி ஏறினா அந்தக் கம்பம் என்னத்துக்கு ஆகும்?"

"பஸ்ஸுல ஏறவே மூச்சு வாங்குது அண்ணி, இதுல கம்பம் வேறயா?" என்றாள் ஓட்டுநரின் மனைவி.

ஓட்டுநர் தான் ஏறுவது ஸ்டீயரிங் பக்கம், அங்கே படி உயரம் என்று விளக்கப்போக, அவரை யாரும் பேசவிடவில்லை. பெரியவள் சிரித்துப் புரையேறினாள். படியில் உட்கார்ந்திருந்தவரும் சிரித்தார். சிரித்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தார், சுவர்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மனைவியின் குரல் தணிந்தது. "பாவம், படியில உக்காந்திருக்காரே. உள்ள கூப்பிடலாமில்ல?"

"வேண்டாம்," என்றார் ஓட்டுநர். "நல்ல மனுஷன்தான். ஆனா அவரு வந்தா நாம பேச முடியாது."

வெளியே படியில் அவர் ஹெட்போனின் ஒலியளவைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். சரிபார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

உள்ளே இசை மெலிந்தது. அந்தப் பெண் உச்சிக்குப் போய்விட்டாள் என்று அவருக்குத் தெரியும். கீழே வலை இருக்கிறதா என்று சின்னவள் கேட்டாள். இருக்கும் என்றாள் அம்மா. எங்கே, காட்டவே இல்லையே என்றார் ஓட்டுநர். இந்தப் பெண்ணைப் பெற்றவள் எங்கே இருக்கிறாள், ஒரு வார்த்தை தடுத்திருக்கக்கூடாதா என்றாள் அக்கா. அதற்குப் பிறகு பேச்சு நின்றது. கொறிப்பதும் நின்றது. முந்தைய முறை அவர் வீட்டில் இருந்த அமைதி அல்ல இது. ஐந்து பேரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்ற அமைதி.

கால் நழுவியது.

ஓட்டுநருக்கு மூச்சு தொண்டையில் உடைந்தது. மனைவி காற்றைப் பற்களுக்கிடையே உறிஞ்சினாள். பெரியவள் கீச்சிட்டாள், சின்னவள் அம்மாவைக் கூப்பிட வாயெடுத்துப் பாதியில் விட்டாள். அக்கா கையால் நெஞ்சில் அறைந்த சத்தம் தனியாகக் கேட்டது. அத்தனையும் ஒரே நொடியில் அவர் காதுக்குள் வந்து விழுந்தன. அந்தப் பெண் விழமாட்டாள் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. இருந்தும் மாடிப்படியில் அவருக்கு மூச்சு அடைத்தது. கை தானாகக் கைப்பிடிக் கம்பியைப் பற்றியது. உள்ளே எல்லோரும் சிரித்து, ஒருவரையொருவர் கேலி செய்து, கைதட்டத் தொடங்கிய பிறகும் அவர் கம்பியை விடவில்லை.

வாரம் முழுக்க அந்த ஐந்து பேரை மூவாயிரமாகப் பெருக்கினார். ஓட்டுநரின் மூச்சைக் கொஞ்சம் மெதுவாக்கினால் இன்னொரு ஆள் கிடைத்தான், வேகப்படுத்தினால் இளைஞன் ஒருவன். அக்கா நெஞ்சில் அறைந்த சத்தத்தைக் குளியலறையில் ஒலிக்கவிட்டுத் திரும்பப் பதிந்தபோது அது இருபதாவது வரிசைக்குப் போனது. பேச்சுகளையெல்லாம் வெட்டி எடுத்தார். வெட்டியதை அழிக்க மனம் வராமல், கம்பத்தைப் பற்றிய கேலியை மட்டும் பல தடவை கேட்டார்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது அகப்பட்டது. பதறலில் ஐந்து குரல்களுக்குப் பின்னால், அரை நொடி தள்ளி, ஆறாவதாக ஒரு மூச்சு. மங்கலாக, சுவருக்கு அப்பாலிருந்து. யாருடையது என்று பிரித்தறிய முடியாமல் அதை மட்டும் தனியாக எடுத்து ஓடவிட்டார். கதவிடுக்கு வழியாகப் போய் மைக்கில் விழுந்திருந்த அவருடைய மூச்சு. மாத்திரை விழுங்குகிற ஆள் இல்லை இது. கத்தரிக்க வேண்டிய இடத்தில் குறியை வைத்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குறியை எடுத்துவிட்டு, மற்றதை முடித்தார்.

ஸ்டுடியோவில் அந்தத் தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அரங்கம் நிறைந்திருந்தது. கைதட்டல் முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் பரவி ஓய்ந்தது. இருட்டைப் பார்த்து வணங்கியவர்களுக்கு இப்போது இருட்டு பதில் சொன்னது. பதறல் வந்த இடத்தில் அவன் கண்ணைத் திறந்து, திரும்ப ஓட்டிக் கேட்டான்.

"ஜனம் உயிரோட இருக்குண்ணே. லைப்ரரிக்காரன் இப்படியெல்லாம் தரமாட்டான்." மறுபடி ஓட்டினான். "இங்க ஒரே ஒரு மூச்சு மட்டும் லேட்டா விழுது. நான் எடுத்துடவா?"

"வேண்டாம்."

"தனியா தெரியுதேண்ணே."

"அது கடைசி வரிசையில உக்காந்திருக்கற ஆளு. அங்கிருந்து சத்தம் வந்து சேர நேரமாகும்."

தம்பி இன்னொரு தடவை கேட்டான். பிறகு ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, படத்தோடு சேர்க்க மூலப்பதிவைக் கேட்டுக் கையை நீட்டினான். அவர் சட்டைப் பையிலிருந்து அது இருந்த பென்டிரைவை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.