பேர்ணடெற்றின் முதல் வாக்கு

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் வசிக்கும் பேர்ணடெற்றுக்கு வாய் கொஞ்சம் நீளம். பதினெட்டு வருடமாக ஒவ்வொரு தேர்தலுக்கும் வீடு வீடாகக் கதவு தட்டி, "நீங்கள் ஆருக்குப் போடப்போறியள்?" என்று கேட்டுத் தாளில் குறித்து வந்தவள். வேடிக்கை என்னவென்றால், அவளுக்கே வாக்கில்லை. குடியுரிமைப் பரீட்சை என்றால் அவளுக்குக் குலைநடுக்கம். ஐம்பத்தைந்து வயதானால் பரீட்சை கிடையாது என்று கேள்விப்பட்டதும், கிழவியாவதற்கு அவளைப் போல் அவசரப்பட்டவர் ரொறன்ரோவிலேயே இல்லை.

போன வருடம் சத்தியப்பிரமாணம் செய்தாள். முதல் வாக்கு யாருக்கு என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. கூடவே கதவு தட்டித் திரிந்த நிரோஷினி இம்முறை வேட்பாளராகவே நின்றாள்.

தேர்தலுக்கு நான்கு வாரம் இருக்கையில் நிரோஷினி போன் எடுத்தாள்.

"அன்ரி, தொகுதி எல்லையை மாத்திப்போட்டினம். ரோட்டுக்கு அங்கால்தான் என்ரை தொகுதி. உங்கட பில்டிங் மற்றத் தொகுதிக்குப் போட்டுது."

"அப்ப நான் உனக்குப் போடேலாதோ?"

"ஏலாது அன்ரி."

பேர்ணடெற்றுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதற்காகவா இத்தனை வருடம் காத்திருந்தாள்? கோடு கீறியவர்களை இரண்டு நாள் வாய் ஓயாமல் திட்டினாள்.

மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. புதிய தொகுதியின் வேட்பாளர் ஒருவர் நின்றார். முன்பெல்லாம் "எனக்கு வாக்கில்லை" என்று இவள் சொன்னதும் அரை நிமிடத்தில் அடுத்த கதவுக்குப் போய்விடுவார்கள். இந்த மனிதர் போகவில்லை! அவரை இருத்தி, தின்னப் பொரித்த ரோல்ஸ் கொடுத்து, லிஃப்ட் ஏன் பாதி நாள் வேலை செய்வதில்லை என்று குடைந்தெடுத்தாள். லிஃப்டுக்கும் ஒட்டாவா நாடாளுமன்றத்துக்கும் தொடர்பில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. அடுத்தடுத்து வந்த மற்ற வேட்பாளர்கள் இருவருக்கும் அதே கதிதான். பேர்ணடெற்றுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

தேர்தலன்று நல்ல சேலை உடுத்து, எப்போதும் வாக்குப் போட ஆட்களைக் கூட்டிப்போகும் எதிர்ப்பக்கப் பள்ளிக்கூடத்துக்கே விறுவிறென்று நடந்தாள். அங்கிருந்த அலுவலர் வாக்காளர் அட்டையைப் பார்த்துவிட்டு, அவள் வாக்களிக்க வேண்டிய இடம் அவளுடைய கட்டிடத்தின் கீழ்த்தளத்து மண்டபம் என்றார். ஊருக்கெல்லாம் "அட்டையை வடிவா வாசியுங்கோ" என்று சொல்லித் திரிந்தவள் தன் அட்டையை வாசிக்கவில்லை. தன்னைத் தானே ஏசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ரோட்டைக் கடந்து திரும்பினாள்.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பென்சிலைக் கையில் எடுத்தாள். அவசரப்படாமல் நின்று யோசித்துத்தான் போட்டாள்.

பின்னேரம் நிரோஷினி போன் எடுத்தாள். "அன்ரி, கடைசியா ஆருக்குப் போட்டனீங்கள்?"

பதினெட்டு வருடம் அவள் ஊராரைக் கேட்ட அதே கேள்வி.

"உதெல்லாம் சொல்லேலாது, பிள்ளை. ரகசியம்!"

அன்றைக்கே மன்னாரிலுள்ள தங்கைக்கும், மாதாகோயில் சிநேகிதிகள் நாலு பேருக்கும் போன் எடுத்தாள், யாருக்குப் போட்டேன் என்பதைச் சொல்லமாட்டேன் என்று சொல்வதற்காக.