முதல் சவாரி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் மீது எனக்குப் பைத்தியம். கைலாசபுரத்தில் என்னோடு வேலை பார்க்கும் முரளி தன் சிவப்புக் காரை விற்கப்போவதாகச் சொன்னதும் நானே வாங்கிக்கொண்டேன். தினமும் சேர்ந்து சாப்பிடுகிறவர். மெக்கானிக்கிடம் காட்டினால் அவரைச் சந்தேகப்பட்டது போலாகிவிடும் என்று காட்டவில்லை.

ஸ்ரீரங்கத்தில் கோபுர வாசலில் பூஜை போட்டோம்; என் மனைவியும் வந்திருந்தாள். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததுகூட முரளிதான்.

"முதல் சவாரிக்கு நீங்கதான் கூட வரணும்" என்றேன். இருப்பதோ இரண்டே சீட்.

"வேணாங்க, நான் பஸ்ல வந்துடறேன். வீட்டுல அவங்களைக் கூட்டிட்டுப் போங்க."

எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன். என் மனைவி ஏறிக்கொண்டாள்.

காவிரிப் பாலத்தில் பிரேக்கை மிதித்தேன். மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பாலத்துச் சுவரில் உரசித்தான் காரை நிறுத்த முடிந்தது. மனைவியின் கை என் சட்டையை விடவே இல்லை.

முரளிக்கு போன் செய்தேன்.

"அது அப்பப்ப அப்படித்தாங்க பண்ணும். சொல்லியிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களா?" என்றார்.

பிரேக்கை மாற்றிவிட்டேன். கார் இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. அவர் அதை என் தலையில் கட்டியதைக்கூட மறந்துவிடுவேன். ஆனால் அன்று என் மனைவி உட்கார்ந்ததும், சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டவர் அவர்தான்.